பழைய நூலும் புதிய தேர்வும்

மாணவ நண்பர்களே, புத்தகக் கடையில் ஒரு பாடநூலைக் கையில் எடுத்ததும் முதலில் எதைப் பார்க்கிறீர்கள்? விலையைப் பார்ப்பீர்கள். எத்தனை பக்கம் என்று பார்ப்பீர்கள். எழுத்துப் பெரியதாக இருக்கிறதா, படங்கள் உண்டா, பின்னால் மாதிரி வினாக்கள் இருக்கின்றனவா என்று புரட்டிப் பார்ப்பீர்கள். அந்நூல் எந்த ஆண்டின் பாடத்தைச் சொல்கிறது என்று பார்ப்பவர் மிகச் சிலரே. இயற்பியல் படிப்பவருக்கு இதனால் பெரிய நட்டம் இல்லை. ஆனால் சில துறைகளில் இந்த ஒரு கவனக்குறைவே பல மாத உழைப்பை வீணாக்கிவிடும். அவ்வாறு வீணான ஓர் உழைப்பில் எனக்கும் பங்கு உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் கல்லூரியில் இயற்பியல் படித்துப் பட்டம் பெற்ற மாணவர் ஒருவர், கணிப்பொறிச் சேவை நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். தொலைபேசியில் வரும் புகார்களைப் பதிவு செய்து உரியவர்களிடம் சேர்ப்பது அவருடைய வேலை. அடுத்த படிக்கு உயர 'ஐட்டில் பவுண்டேஷன்' என்னும் சான்றிதழ் உதவும் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். 2023-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய புத்தகக் கடையில் வாங்கிய தடித்த நூலுடன் என் வீட்டுக்கு வந்தார்.

"இது போதுமா சார்? புதுசு வாங்கினால் இதைப் போலப் பல மடங்கு விலை" என்று கேட்டார்.

நூலைப் புரட்டினேன். அச்சு தெளிவாக இருந்தது. கட்டமும் படமும் நிறைய இருந்தன. முன்பக்கத்தில் 2018-இல் அச்சிட்டதாகக் குறிப்பு இருந்தது. "அடிப்படை எங்கேயப்பா மாறப் போகிறது? நான் இன்னும் அறுபது வருஷத்துப் பழைய நூலை வைத்துத்தான் இயக்கவியல் நடத்துகிறேன். இதையே நன்றாகப் படி" என்றேன்.

நான்கு மாதம் இரவில் கண்விழித்துப் படித்தார். தேர்வுக் கட்டணம் அவருடைய ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியை விழுங்கியது. 40 வினாக்களில் 26 சரியாக விடையளித்தால் வெற்றி. அவருக்குக் கிடைத்தது 22. "மூன்று முறை படித்தேன் சார். கேள்வியில் வந்த வார்த்தைகளில் பாதி இந்தப் புத்தகத்திலேயே இல்லை" என்றார்.

நூலை மறுபடி வாங்கி, நான் தாண்டிச் சென்ற முன்னுரையைப் பொறுமையாகப் படித்தேன். அச்சிட்டது 2018-இல்தான். ஆனால் அது விளக்கிய பாடம் 2011-இல் வந்த பதிப்புக்குரியது. அவர் எழுதிய தேர்வோ 2019-இல் வந்த பதிப்பின்படி நடந்தது. அவர் உழைப்பில் குறையில்லை. ஆசிரியன் சொன்னதை நம்பியதுதான் அவர் செய்தது.

இயற்கையின் விதியும் மனிதரின் ஏற்பாடும்

என் அறிவுரை ஏன் தவறாயிற்று? இதற்கு விடை காண, அறிவு இருவகைப்படும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஓம் என்பவர் மின்னோட்டத்தைப் பற்றிய தம் விதியை 1827-இல் வெளியிட்டார். அந்த விதியை அன்று எழுதிய நூலில் படித்தாலும், இன்று எழுதிய நூலில் படித்தாலும், உங்கள் ஆய்வகத்துக் கம்பியில் ஓடும் மின்னோட்டம் ஒன்றே. இது இயற்கையின் நடப்பு. நூலாசிரியர் மாறினால் அது மாறுவதில்லை.

இனி, கிலோகிராம் என்பது என்ன என்று கேட்போம். நான் மாணவனாக இருந்தபோது படித்த நூல், பாரீஸ் நகருக்கு அருகே செவ்ர் என்னும் இடத்தில் பாதுகாக்கப்படும் பிளாட்டினம்-இரிடியம் உருளையின் நிறையே ஒரு கிலோகிராம் என்று சொல்லிற்று. அன்று அது சரியான விடை. 2019 மே 20 முதல் அது சரியன்று. அன்றிலிருந்து பிளாங்க் மாறிலிக்கு ஓர் உறுதியான மதிப்பை வகுத்து, அதைக் கொண்டு கிலோகிராமை வரையறுக்கிறார்கள். முதல் நாள் வாங்கிய ஒரு கிலோ அரிசி மறுநாள் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆயினும் தேர்வுத்தாளில் பழைய விடையை எழுதினால் மதிப்பெண் கிடைக்காது. ஏனெனில் இது மனிதர் கூடிச் செய்துகொண்ட ஏற்பாடு. ஏற்பாட்டைச் செய்தவர்கள் அதை மாற்றவும் செய்வார்கள்.

இயற்பியலில் முதல்வகை அறிவு மிகுதி, இரண்டாம்வகை கொஞ்சம். ஆதலால் அறுபது ஆண்டு பழைய நூலை வைத்துக்கொண்டு நான் காலந்தள்ள முடிகிறது. கணிப்பொறிச் சேவை மேலாண்மை என்னும் துறையிலோ இந்த விகிதம் தலைகீழ். அங்கே சொற்களும் வரையறைகளும் பிரிவுகளும் எண்ணிக்கைகளும் பெரும்பாலும் ஏற்பாடுகளே. தேர்வு சோதிப்பதும் அவற்றைத்தான். ஒரு துறையின் வழக்கத்தை எடுத்து மற்றொரு துறைக்கு அளவுகோலாக வைத்தது என் பிழை.

பியூஸ் போனால் என்ன செய்வோம்?

'சேவை மேலாண்மை' என்றதும் மிரண்டுவிட வேண்டாம். வங்கி, மருத்துவமனை, கல்லூரி ஆகிய எல்லாம் இன்று கணிப்பொறியை நம்பியே நடக்கின்றன. பணம் எடுக்கும் எந்திரம் நின்றுபோனால் யாரிடம் சொல்வது, எவ்வளவு நேரத்தில் சரி செய்வது, மறுபடி நிற்காமல் இருக்க என்ன செய்வது ஆகியவற்றை முறைப்படுத்துவதே இத்துறை. எங்கள் ஆய்வகத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டுக் காட்டுகிறேன்.

மூன்றாம் மேசையில் பியூஸ் போய்விட்டது. மாணவர்களின் சோதனை பாதியில் நிற்கிறது. ஆய்வக உதவியாளர் ஓடிவந்து புதிய பியூஸ் கம்பியைக் கட்டுகிறார், வேலை தொடர்கிறது. இவ்வாறு எதிர்பாராமல் சேவை தடைப்படுவதை 'இன்சிடென்ட்' என்கிறார்கள். இதில் முதல் நோக்கம், நின்றுபோனதை விரைவில் மறுபடி ஓட வைப்பதே.

அதே மேசையில் வாரம் இரண்டு முறை பியூஸ் போகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது கம்பி கட்டினால் மட்டும் போதாது. காரணம் தேட வேண்டும். அந்த மேசையில் 1500 வாட் சூடேற்றியைப் பொருத்துகிறார்கள். 1500-ஐ 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 6.5 ஆம்பியர். அங்கே கட்டியிருப்பதோ 5 ஆம்பியர் கம்பி. போகாமல் என்ன செய்யும்? தடங்கலுக்குப் பின்னால் இருக்கும் இந்தக் காரணத்தையே 'பிராப்ளம்' என்கிறார்கள்.

காரணத்தை ஆராய்ந்து கண்டுபிடித்தாயிற்று. இன்னும் சரி செய்யவில்லை. அந்த நிலையில் அதற்கு 'நோன் எரர்' என்று பெயர். அதுவரை சூடேற்றியை வேறு மேசையில் வைத்துச் சமாளிக்கிறோமே, அது 'ஒர்க்கரவுண்ட்'. பிறகு தடித்த கம்பியுடன் தனி மின்தடம் ஒன்றை இழுக்க முடிவு செய்கிறோம். யார் அனுமதி தருவது, எந்த நாளில் செய்வது, மற்ற மேசைகளுக்குக் கேடு வருமா என்று பார்த்துச் செய்யும் இந்த வேலை 'சேஞ்ச்' என்பதன் கீழ் வரும்.

இவ்வளவுதான் இத்துறையின் நடு நரம்பு. நம் வீட்டு அனுபவத்துக்கு அப்பாற்பட்டது எதுவும் இதில் இல்லை. ஆனால் இந்த அனுபவத்துக்கு எந்தப் பெயரை இடுவது, எந்தப் பிரிவில் வைப்பது என்பதுதான் பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறது.

நூலகமாகத் தொடங்கியது

ஐட்டில் என்பது 'இன்பர்மேஷன் டெக்னாலஜி இன்பிராஸ்ட்ரக்சர் லைப்ரரி' என்னும் நீண்ட பெயரின் முதலெழுத்துகள். தகவல் தொழில்நுட்பக் கட்டமைப்புக்கான நூலகம் என்று பொருள் கொள்ளலாம். பெயரில் நூலகம் இருப்பதற்குக் காரணம், அது உண்மையாகவே ஒரு நூல் வரிசையாகத் தொடங்கியதுதான்.

1980-களில் பிரிட்டிஷ் அரசு அலுவலகங்களில் கணிப்பொறிகள் பெருகின. ஒவ்வோர் அலுவலகமும் ஒவ்வொரு விதமாக அவற்றை நடத்திற்று. செலவு ஏறியது, ஒருவர் கற்ற பாடம் மற்றவருக்குப் பயன்படவில்லை. அரசின் மையக் கணிப்பொறி, தொலைத்தொடர்பு அமைப்பு, நல்ல முறையில் நடக்கும் இடங்களின் பழக்கங்களைத் திரட்டி எழுத முற்பட்டது. முதல் நூல்கள் 1989-இல் வெளிவந்தன. சில ஆண்டுகளில் அவை முப்பதுக்கும் மேற்பட்ட தொகுதிகளாகப் பெருகிவிட்டன.

முப்பது நூல்களை யார் படிப்பது? 2000-ஆம் ஆண்டை ஒட்டி இரண்டாம் பதிப்பில் அவற்றைச் சுருக்கித் தொகுத்தார்கள். 'சர்வீஸ் சப்போர்ட்', 'சர்வீஸ் டெலிவரி' ஆகிய இரண்டு நூல்களே அதில் பெரிதும் படிக்கப்பட்டன. 2007-இல் மூன்றாம் பதிப்பு ஐந்து நூல்களாக வந்தது. ஒரு சேவை திட்டமிடப்பட்டு, வடிவமைக்கப்பட்டு, நடைமுறைக்கு வந்து, நடந்து, மேம்படும் வரை ஐந்து கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு நூல் எழுதினார்கள். 2011-இல் இதே ஐந்தையும் திருத்தி வெளியிட்டார்கள். என் மாணவர் படித்தது இந்தத் திருத்தத்தைத்தான்.

2013-இல் இதன் உரிமை, பிரிட்டிஷ் அரசும் ஒரு தனியார் நிறுவனமும் சேர்ந்து அமைத்த ஆக்சலோஸ் என்னும் நிறுவனத்துக்குச் சென்றது. 2019-இல் நான்காம் பதிப்பு வந்தது. 2021-இல் பீப்பிள்செர்ட் என்னும் தேர்வு நிறுவனம் ஆக்சலோஸை வாங்கியது. 2023 முதல் சான்றிதழை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்னும் விதியும் வந்தது. முன்பு ஒருமுறை தேறினால் ஆயுள் முழுவதும் போதும் என்றிருந்ததை இது மாற்றிவிட்டது. பழைய நூல்களில் இச்செய்தியை நீங்கள் காண முடியாது.

இந்த வரலாற்றில் ஒன்றைக் கவனியுங்கள். எந்தப் பதிப்பும் நிலையாக நிற்கவில்லை. இரண்டு பதிப்புகளுக்கு இடையே ஏழெட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் வரை இடைவெளி, இடையிடையே திருத்தங்கள். எனவே எந்த நாளில் கடைக்குப் போனாலும், நடப்புப் பதிப்பின் நூல்களும் காலங்கடந்த நூல்களும் ஒரே அலமாரியில் தோளோடு தோள் உரசி நிற்கும்.

எது மாறியது? எது மாறவில்லை?

2011 பதிப்பு 26 செயல்முறைகளைப் பற்றிப் பேசிற்று. 2019 பதிப்பு அந்தக் கணக்கையே விட்டுவிட்டு 34 நடைமுறைகள் என்றது. பொது மேலாண்மைக்கு 14, சேவை மேலாண்மைக்கு 17, தொழில்நுட்ப மேலாண்மைக்கு 3 என்று அவற்றைப் பிரித்தது. ஐந்து கட்டச் சக்கரமும் போயிற்று. அதன் இடத்தில் 'சர்வீஸ் வேல்யூ சிஸ்டம்' என்னும் அமைப்பும், அதன் நடுவில் ஆறு செயல்களைக் கொண்ட சங்கிலியும் வந்தன. ஏழு வழிகாட்டும் கோட்பாடுகளும் பாடத்தில் இடம்பெற்றன.

சேவை என்பதன் வரையறையிலேயே ஒரு நுட்பமான மாற்றம் உண்டு. பழைய வரையறையில், சேவை தருபவர் பயனை வாடிக்கையாளரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறார். புதிய வரையறையில், இருவரும் சேர்ந்து பயனை உண்டாக்குகிறார்கள். நல்ல ஆசிரியர் நடத்தினாலும் மாணவன் காது கொடுத்தால்தானே பாடம் ஏறுகிறது? அதைப் போன்றது என்று கொள்ளுங்கள். பழைய வரையறையை மனப்பாடம் செய்தவர், நான்கு விடைகளில் கண்ணுக்குப் பழகிய தவறான விடையைத் தயங்காமல் தேர்ந்தெடுப்பார். ஒன்றும் படிக்காதவராவது சற்றுத் தயங்குவார்.

ஒன்றாக இருந்தவை பிரிந்ததும் உண்டு. பழைய பதிப்பில் 'ரிலீஸ் அண்ட் டிப்ளாய்மென்ட்' ஒரே செயல்முறை. புதியதில் இரண்டும் தனித்தனி. ஒன்று சேவை மேலாண்மைப் பிரிவிலும், மற்றொன்று தொழில்நுட்பப் பிரிவிலும் இருக்கின்றன. ஒரே பதிப்புக்குள்ளும் பெயர் மாறியிருக்கிறது. மூன்றாம் பதிப்பில் 'சேஞ்ச் மேனேஜ்மென்ட்' என்றிருந்தது, நான்காம் பதிப்பு முதலில் வந்தபோது 'சேஞ்ச் கண்ட்ரோல்' ஆயிற்று. பின்னர் அப்பதிப்பிலேயே 'சேஞ்ச் எனேபிள்மென்ட்' என்று திருத்தினார்கள். மாற்றங்களைத் தடுத்து நிறுத்துவது நோக்கமன்று, அவை கேடின்றி நடக்க உதவுவதே நோக்கம் என்பதைப் புதிய பெயர் காட்டுகிறது.

மாறாதவையும் இருக்கின்றன. பியூஸ் கதையில் கண்ட இன்சிடென்ட், பிராப்ளம் என்னும் வேறுபாடு பழைய நூலிலும் உண்டு, புதிய நூலிலும் உண்டு. 'யுட்டிலிட்டி', 'வாரண்டி' என்னும் இணையும் அப்படியே. உங்கள் ஊர்ப் பேருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் கல்லூரி வழியாகப் போகிறது என்பது யுட்டிலிட்டி. குறித்த நேரத்தில் வருகிறது, ஏறுவதற்கு இடம் இருக்கிறது என்பது வாரண்டி. ஒன்றிருந்து மற்றொன்று இல்லையென்றால் அந்தப் பேருந்தால் உங்களுக்குப் பயனில்லை. என் மாணவருக்குக் கிடைத்த 22 மதிப்பெண்களில் பெரும்பாலானவை இத்தகைய மாறாத பகுதியிலிருந்து வந்தவையே. குறைந்த நான்கும் மாறிய பகுதியில் போயின.

நூலைச் சோதிக்கும் முறை

இரண்டாம் முறை அவர் தேர்வுக்குப் படித்தபோது, இருவரும் உட்கார்ந்து ஒரு முறையை வகுத்துக்கொண்டோம். பதிப்பு மாறும் எந்தத் தேர்வுக்கும் இது பொருந்தும்.

முதலாவது, நூலிலிருந்து தொடங்காதீர்கள், பாடத்திட்டத்திலிருந்து தொடங்குங்கள். தேர்வை நடத்தும் நிறுவனம் பாடத்திட்டத்தைத் தனி ஆவணமாக வெளியிடுகிறது. அதில் பதிப்பின் பெயரும் பாடத்திட்டத்தின் திருத்த எண்ணும் இருக்கும். இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்ட பிறகே கடைக்குப் போக வேண்டும். பாடத்திட்டம் இன்னொன்றையும் சொல்லும்: எதை எவ்வளவு ஆழமாகப் படிக்க வேண்டும் என்பது. 2019 பதிப்பின் அடிப்படைத் தேர்வில் 34 நடைமுறைகளும் கேட்கப்படுவதில்லை. 15 நடைமுறைகளின் நோக்கத்தை அறிந்திருக்க வேண்டும். அவற்றுள் 7-ஐ மட்டும் விரிவாகப் படிக்க வேண்டும். இதை அறியாதவர் 34-ஐயும் ஒரே கனத்தில் சுமந்து களைத்துப் போவார்.

இரண்டாவது, அச்சிட்ட ஆண்டையும் பதிப்பின் ஆண்டையும் பிரித்துப் பாருங்கள். நான் ஏமாந்தது இங்கேதான். பழைய பாடத்தை மறு அச்சுப் போட்டாலும் புதிய ஆண்டு ஏறிவிடும். அட்டை மாறலாம், விலை மாறலாம், உள்ளே பாடம் அப்படியே இருக்கும். எந்தப் பதிப்பை விளக்குகிறோம் என்பதை நல்ல நூலாசிரியர் முன்னுரையிலேயே சொல்லிவிடுவார். முன்னுரையில் அது இல்லையென்றால் நூலைத் திரும்ப வைத்துவிடுங்கள். அசைபடப் பாடங்களுக்கும் இதுவே விதி. அவை வெளியிடப்பட்ட நாளைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். நடத்துபவர் எந்தப் பதிப்பின் பெயரைச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

மூன்றாவது, அடையாளச் சொற்களை வைத்துச் சோதியுங்கள். இரத்தத்தைப் பரிசோதிக்க ஒரு துளி போதும் அல்லவா? பாடத்திட்டத்திலிருந்து ஐந்தாறு சொற்களை எடுத்து, நூலின் பொருளகராதியில் தேடுங்கள். 2019 பதிப்புக்கான நூல் என்றால் 34 நடைமுறைகள், சர்வீஸ் வேல்யூ சிஸ்டம், ஏழு வழிகாட்டும் கோட்பாடுகள், சேஞ்ச் எனேபிள்மென்ட் ஆகியவை இருக்க வேண்டும். ஐந்து கட்டங்களும் 26 செயல்முறைகளுமே நூலின் முதுகெலும்பாக இருந்தால் அது பழையது. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். கடையில் நின்றபடியே செய்யலாம்.

நான்காவது, மாதிரி வினாத்தாளை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று பாருங்கள். தேர்வை நடத்துபவரோ அவர்களின் அங்கீகாரம் பெற்ற பயிற்சியாளரோ தரும் மாதிரித்தாளே முதல்தரமானது. 'உண்மைத் தேர்வில் வந்த வினாக்கள்' என்று விற்கப்படும் கட்டுகளைத் தொடாதீர்கள். அவற்றைப் பயன்படுத்துவது தேர்வு விதிக்கு மாறானது. அகப்பட்டால் சான்றிதழும் போகும். அது மட்டுமன்று, அவற்றில் பழைய பதிப்பின் வினாக்களும் புதிய பதிப்பின் வினாக்களும் கலந்து கிடக்கும். விடைகளும் பல இடங்களில் தவறாக இருக்கும். யார் எழுதியது என்று தெரியாத விடையை எதைக் கொண்டு சரிபார்ப்பது?

ஐந்தாவது, பணத்தைக் கணக்கிட்டுச் செலவிடுங்கள். கட்டணம் செலுத்துமுன், அதனோடு அதிகாரபூர்வமான மின்நூல் சேர்ந்து வருகிறதா என்று விசாரியுங்கள். வருமானால் அதே நூலைத் தனியாக வாங்க வேண்டுவதில்லை. வேலை செய்யும் இடத்தில் நூலகமோ பயிற்சிப் பிரிவோ இருந்தால் அங்கேயும் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட்டுத் தம் கைப்பணத்தைச் செலவழிக்கும் இளைஞர்கள் பலரை நான் அறிவேன்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கே நீக்கிவிடலாம். ஐ.எஸ்.ஓ. 20000 என்று ஒரு தரநிர்ணயம் உண்டு. 2005-இல் வெளிவந்து, 2011-இலும் 2018-இலும் திருத்தப்பட்டது. அதுவும் சேவை மேலாண்மையைப் பற்றியதே. ஆனால் அதன்படி நிறுவனம் ஒன்று தன்னைத் தணிக்கைக்கு உட்படுத்திச் சான்று பெறுகிறது. ஐட்டில் தேர்வு தனியாள் எழுதுவது. அட்டையில் 'சேவை மேலாண்மை' என்றிருப்பதை மட்டும் பார்த்து ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வாங்கிவிடாதீர்கள்.

தமிழ்வழி படித்தவர்களுக்கு ஒரு சொல்

என் மாணவர் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவர். அவருடைய விடைகளைப் பற்றிப் பேசியபோது, பதிப்பு மாற்றத்தோடு தொடர்பில்லாத வேறொரு தடுமாற்றமும் தெரிந்தது. இன்சிடென்ட் என்பதையும் பிராப்ளம் என்பதையும் அவர் மனத்துக்குள் 'பிரச்சினை' என்றே மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். பேச்சுத் தமிழில் இரண்டும் பிரச்சினைதானே! பியூஸ் போனதும் பிரச்சினை. அடிக்கடி போவதற்குக் காரணமும் பிரச்சினை. ரிலீஸ், டிப்ளாய்மென்ட் இரண்டுக்கும் 'வெளியிடுதல்' என்று குறித்து வைத்திருந்தார். இரண்டு கலைச்சொற்கள் ஒரே தமிழ்ச்சொல்லில் விழுந்துவிட்டால், வினாவில் அவற்றைப் பிரித்தறிவது எப்படி?

இதற்கு நாங்கள் கண்ட வழி எளியது. கலைச்சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே எழுதினார். அதற்கு எதிரே பொருளை மட்டும் ஒரு முழுத் தமிழ் வாக்கியமாக எழுதினார். 'இன்சிடென்ட்: ஓடிக்கொண்டிருந்தது எதிர்பாராமல் நின்றது அல்லது தரம் குறைந்தது.' 'பிராப்ளம்: அவ்வாறு நிற்பதற்குக் காரணமாக இருப்பது, அல்லது இருக்கக்கூடியது.' அடுத்த வரியில் தம் வேலையிலிருந்து ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்காட்டாகக் குறித்தார். எண்பது சொற்கள் சேர்வதற்குள் தடுமாற்றம் நீங்கிவிட்டது. தாய்மொழியில் சிந்திப்பது குறையன்று. அதில் சொல்லுக்குச் சொல் வைக்காமல் பொருளைச் சிந்திக்க வேண்டும், அவ்வளவுதான்.

பழைய நூலை என்ன செய்வது?

எறிந்துவிட வேண்டாம். என் மாணவர் இரண்டாம் முறையும் அந்தத் தடித்த நூலைப் பயன்படுத்தினார். ஆனால் வேறு விதமாகப் பயன்படுத்தினார். பாடத்திட்டத்தின் ஒவ்வொரு தலைப்பையும் முதலில் புதிய நூலில் படித்தார். பிறகு அதே தலைப்பு பழைய நூலில் எப்படியிருந்தது என்று பார்த்து, மாறியதைச் சிவப்பு மையில் குறித்தார். இதனால் இரண்டு நன்மைகள் விளைந்தன. ஏன் மாற்றினார்கள் என்ற காரணம் புரிந்ததால், புதியது மனத்தில் தங்கிற்று. மேலும் அவர் வேலை செய்த இடத்தில் மூத்தவர்கள் பலர் பழைய சொற்களிலேயே பேசினார்கள். அவர்கள் 'சேஞ்ச் மேனேஜ்மென்ட்' என்றால் எதைக் குறிக்கிறார்கள் என்று இவருக்கு விளங்கிற்று. அலுவலகத்தில் உயிரோடு இருக்கும் சொல், தேர்வில் உயிரோடு இருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டையும் அறிந்தவருக்கே இரண்டு இடத்திலும் காரியம் நடக்கும்.

2024-இல் மீண்டும் தேர்வெழுதினார். 33 வினாக்களுக்குச் சரியாக விடையளித்திருந்தார். அன்று மாலை இனிப்புப் பொட்டலத்துடன் வந்தவர், தம் குறிப்பேட்டையும் கொண்டுவந்தார். அதன் முதல் பக்கத்தில் தேர்வின் பெயர், பதிப்பு, பாடத்திட்டத் திருத்த எண், பார்த்த தேதி ஆகிய நான்கும் வரிசையாக இருந்தன. அடுத்த ஆண்டு தேர்வெழுதப் போகும் நண்பர் ஒருவர் அதைக் கேட்டாராம். "கொடுத்தேன் சார். ஆனால் முதல் பக்கத்தைச் சரிபார்த்துவிட்டு அப்புறம் படி என்று சொல்லித்தான் கொடுத்தேன்" என்றார்.

வாசகர்களே, அந்த எச்சரிக்கை இக்கட்டுரைக்கும் உரியது. 40 வினா, 34 நடைமுறை, 15 தலைப்பு என்று நான் எழுதிய எண்கள் 2019 பதிப்புக்குச் சொந்தமானவை. முன்பு வந்த ஒவ்வொரு பதிப்பும் அடுத்ததற்கு இடம் விட்டிருக்கிறது, இதற்கும் விலக்கில்லை. ஆகவே தேர்வெழுத விரும்புவோர், கட்டணம் கட்டுவதற்கு முன் தேர்வு நிறுவனத்தின் பாடத்திட்டத்தை எடுத்து, அன்றைக்கு எந்தப் பதிப்பு நடக்கிறது என்பதைத் தம் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆசிரியர் சொன்னார் என்பதற்காக விட்டுவிடக் கூடாது.

நானும் ஒரு மாற்றம் செய்துகொண்டேன். என் மேசையிலுள்ள அறுபது ஆண்டுப் பழைய இயக்கவியல் நூலை இன்றும் பயன்படுத்துகிறேன். அலகுகளைப் பற்றிய அதன் முதல் அத்தியாயத்தில் மட்டும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: '2019 மே 20-க்குப் பின் இது செல்லாது.'